தண்ணீர் என்று நான் எழுதிய அடுக்கு

அன்புள்ள அருள்,

நீ அனுப்பிய உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி நாலு நாளாக என் போனில் இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் சொல்லச் சொன்னாய். இரண்டு தடவை கூப்பிட்டும் கேட்டாய், "பாத்தியாம்மா, ஓகேவா, பிரஸ்ல கேக்கறாங்க" என்று. பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருப்பதும் சரிதான். எதிர்ப்பக்கத்தில் நிவேதாவின் அம்மா லலிதா பெயரும் அப்பா பாஸ்கர் பெயரும் இருக்கின்றன. என் பெயரும் பாஸ்கர் பெயரும் ஒரே அட்டையில் எதிரெதிரே இருப்பதைப் பார்த்துவிட்டு உனக்கு 'ஓகே' என்று ஒரு வார்த்தை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. பத்திரிகையை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அது அச்சுக்குப் போவதற்கு முன் உனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போனில் சொன்னால் நடுவில் நீ "சரி விடும்மா" என்று சொல்லிவிடுவாய். நானும் விட்டுவிடுவேன். இத்தனை வருஷம் அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்கு அசதியாக இருக்கிறது அருள். அறுபத்தேழு வயதில் வரும் அசதி மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தால் போய்விடும். இது அப்படிப் போகிறதில்லை. ஒரு விஷயத்தை இருபத்தேழு வருஷம் தூக்கிக்கொண்டு நடந்தால் வருகிற அசதி இது. மாதத்துக்கு ஒரு முறையாவது சாந்தோம் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், ஜெபத்தில் மனசு அலைந்தது என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆபீஸ் விஷயத்தை ஆபீஸிலேயே வைத்துவிட்டு வந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆபீஸிலிருந்து கொண்டுவரும் பழைய சுருள் காகிதத்தில் உன் நோட்டுகளுக்கு அட்டை போடுவேன், அதில் கோணல்மாணலாகக் கோடுகள் ஓடும், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோடுகளைப் படிப்பதுதான் என் வேலை. கிணறு தோண்டியதும் ஒரு கருவியை வடத்தில் கட்டி அடிவரை இறக்கி மெல்ல மேலே இழுப்பார்கள். அது சுற்றியுள்ள பாறைக்குள் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே வரும். பாறை என்றால் கெட்டியான கல் என்று நினைக்காதே. நாங்கள் தேடுவது மணல் கெட்டிப்பட்டு ஆன பாறை. அதன் மணிகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். அந்த இடைவெளியில் பழைய உப்புத் தண்ணீர் இருந்தால் மின்சாரம் சுலபமாகப் போகும், கோடு இடது பக்கம் ஒதுங்கும். எண்ணெய் இருந்தால் மின்சாரம் தடுமாறும், கோடு வலது பக்கம் எகிறும். மின்தடை அதிகமென்றால் எண்ணெய், குறைவென்றால் தண்ணீர். கல்லூரியில் முதலில் சொல்லித்தந்தது இதுதான். பதினைந்து வருஷம் நான் இதை வைத்தே பிழைத்தேன், நன்றாகவே பிழைத்தேன். காவிரிப் படுகையின் கிணறுகளுக்கு நான் எழுதிக்கொடுத்தால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற அளவுக்கு.

பாஸ்கர் என்னைவிட ஐந்து வயது இளையவர். நான் சென்னை ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கோடு படிக்கிறவள். அவர் தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்கு நடுவில் தோண்டும் இடத்திலேயே தங்கி, சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களை அலசிப் பார்க்கும் ஜியாலஜிஸ்ட். அடையாறு ஓரத்துக் குடிசைப் பகுதியில் பிறந்து, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஸ்காலர்ஷிப்பில் மேலே வந்தவர். மீட்டிங்கில் எங்களைப் போலவே பேசுவார். உற்சாகம் வந்துவிட்டால் மட்டும் பழைய பேச்சு எட்டிப் பார்க்கும், 'கீது' என்பார், 'வந்துக்கினு' என்பார். ஆபீஸில் அதை வைத்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை நீ என்பேன். இன்று எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. அன்றைக்கு எனக்கு அது தோன்றவேயில்லை.

பாஸ்கர் அப்போது வேலை பார்த்த ஒரு கிணற்றில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கருவி இறக்கி எடுத்த கோடுகள் என் மேஜைக்கு வந்தன. அடியில் ஒரு மணல் அடுக்கு, சந்தேகமில்லாமல் தண்ணீர். அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொரு மணல் அடுக்கு. அதன் மின்தடை கீழே இருக்கும் தண்ணீர் மணலைவிட ஒரு மயிரிழைதான் அதிகம். இரண்டும் தண்ணீர் என்று எழுதினேன். எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பாஸ்கர் போன் செய்தார். நீ அப்போது எல்.கே.ஜி. பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்கனவே ஒரு போன் வந்திருந்தது, உனக்கு ஜுரம் அனலாகக் கொதிக்கிறது, வந்து கூட்டிப் போங்கள் என்று. அப்பா விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வெளியூர் போயிருந்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றேன்.

"மேடம், அந்த மேல் அடுக்கைத் தண்ணீர்னு போட்டிருக்கீங்க. ஆனா துகளை ஊதா விளக்குக்குக் கீழ வெச்சா மஞ்சளா மின்னுது. சேத்துல காஸும் ஏறியிருக்கு."

"மேல இருந்து எதாவது கலந்திருக்கும் பாஸ்கர்."

"இல்ல மேடம், நாலு தடவ கழுவிட்டேன். எண்ணெ கீது மேடம்! கைல வாசன வந்துக்கினே கீது!"

"கோடு அப்படிச் சொல்லலையே."

"கோடு என்ன சொன்னாலும் ஒரு சாம்பிள் எடுத்துப் பாத்துடலாம் மேடம். கருவியை இறக்கி அந்த அடுக்குலேர்ந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தா தெரிஞ்சிடும். நீங்க சரின்னா நான் இப்பவே சொல்லிடறேன்."

"சரி, எடுத்துப் பாரு. எனக்கு நேரமாகுது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். இதுதான் நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வரும்போது அந்தப் பேச்சு என் நினைவில்கூட இல்லை. உன் ஜுரத்தைக் காரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஜுரம் மூன்று நாளில் இறங்கிவிட்டது. நான் செய்தது அதற்கப்புறம்.

சாம்பிள் எடுக்கப் போன கருவி கிணற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டுவிட்டது, மேலே வரவில்லை. வடம் அறுந்தது. அதை மீட்க ஒன்பது நாள் துழாவினார்கள், பாதிதான் வந்தது. கடைசியில் கிணற்றுக்குள் சிமென்ட் ஊற்றி மூடிவிட்டு, தோண்டும் ரிக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். விசாரணை வந்தது. எங்கள் ஆபீஸிலேயே ஒரு அறை, நீள மேஜை, ஒரு பக்கம் மூன்று அதிகாரிகள், எதிரே நானும் பாஸ்கரும்.

"சாம்பிள் எடுக்க யார் சொன்னாங்க?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"மேடம்கிட்ட போன்ல கேட்டேன் சார். எடுக்கச் சொன்னாங்க" என்றார் பாஸ்கர்.

அந்த அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படியா மேடம்?"

நான் சொன்னேன்: "அந்த அடுக்கு தண்ணீர்னு நான் எழுதிக் கொடுத்துட்டேன் சார். தண்ணீர்னு எழுதின இடத்துல சாம்பிள் எடுக்கச் சொல்ல எனக்கு என்ன அவசியம்?"

பார், இதில் பொய் என்று ஒரு சொல் இல்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். பொய்யே சொல்லாமல் ஒரு மனிதரை முடித்துவிட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பாஸ்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். நான் மீதியையும் சொல்லி முடிப்பேன் என்று காத்திருக்கும் முகம். நான் என் கோப்பைப் புரட்டினேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. அனுமதியில்லாமல் செயல்பட்டார் என்று எழுதி, அவரை அஸ்ஸாமுக்கு மாற்றினார்கள். நிவேதாவுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தத் துறையில் நான் ஒருத்திதான் பெண். ஒரு தடவை சறுக்கினால் பெண் என்பதால்தான் சறுக்கினாள் என்பார்கள் என்ற பயம் இருந்தது. அது உண்மை. ஆனால் அதைவிட உண்மை ஒன்று இருக்கிறது. அந்த மேஜையில் என் பேச்சையும் பாஸ்கர் பேச்சையும் தராசில் வைத்தால் என் பேச்சுதான் நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் இங்கிலீஷ், என் குடும்பம், நான் படித்த காலேஜ், இதெல்லாம் எனக்காகப் பேசும் என்று தெரிந்துதான் பேசினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்குப் போய் நீதான் சொன்னேன்னு சொல்லிடு" என்றார். "உங்களுக்கு ஆபீஸ் தெரியாது" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். சாகும்வரை அதைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன், பாவம், அவர் தலையிலும் ஏற்றப் பார்க்கிறேன்.

அடுத்த வருஷம் பனகல் பார்க் பக்கத்தில் லலிதாவைப் பார்த்தேன். உனக்குக் கிறிஸ்துமஸ் துணி எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். இடுப்பில் நிவேதா, கையில் ஒரு பை. "மேடம், இவர எப்ப இங்க மாத்துவாங்க மேடம்? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்கன்னு சொல்றாங்க" என்றாள். "பாக்கறேன்மா" என்றேன். குழந்தையின் கன்னத்தைத் தட்டினேன். பார்க்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதக்கூட இல்லை. பாஸ்கரைத் திரும்பக் கூட்டிவந்தால் அவரைத் தினமும் வராந்தாவில் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் அப்போது தோன்றியது. ஆறு வருஷம் அவர் அங்கே இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார்.

இப்போது நீ தரமணியில் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறாய். உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. போகிற போக்கில் ஒருவரிடம் 'சரி, செய்' என்று சொல்லிவிட்டால், அன்றைக்கே ஒரு வரி எழுதி அனுப்பிவிடு, நான்தான் சொன்னேன் என்று. அவர்களுக்காகத்தான் என்று நினைக்காதே. உன்னிடமிருந்து உன்னைக் காப்பாற்றவும் அது வேண்டும். எழுத்தில் இருந்திருந்தால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன்.

மீதியையும் கேள். பதினைந்து வருஷம் கழித்து, மூடிய அந்தக் கிணற்றுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று தோண்டினார்கள். அதே அடுக்கு, அதே குறைந்த மின்தடை. நான் துறைத் தலைவியாகியிருந்தேன். அதற்குள் உலகத்தில் பல இடங்களில் இப்படிப்பட்ட அடுக்குகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த அடுக்கின் பாறையையே தண்டு போல முழுசாக வெட்டி எடுக்கச் சொன்னேன். லேபில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தூரத்திலிருந்து ஒரே மணல் அடுக்காகத் தெரிந்தது உண்மையில் விரல் பருமனுக்கு மணலும் களிமண்ணும் மாறி மாறி அடுக்கிய அடுக்கு. கருவியால் அவ்வளவு மெல்லியதைப் பிரித்துப் பார்க்க முடியாது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண் சொல்லும். மின்சாரமோ களிமண் வழியாகச் சுலபமாக ஓடிவிடும். அந்த மணலும் மாவு போல நைசானது. நைசான மணியைச் சுற்றித் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். மணிமேல் களிமண் பூச்சு வேறு, அது இன்னும் தண்ணீரைப் பிடித்துவைத்து, தன் பங்குக்கு மின்சாரத்தையும் கடத்தும். நடுநடுவே பைரைட் என்ற மஞ்சள் தாதுத் துணுக்குகள், உலோகம் மாதிரி மின்சாரத்தை விடும். இத்தனையும் சேர்ந்தால் கோடு தண்ணீர் போலத்தானே காட்டும்? கருவி தப்பு சொல்லவில்லை. அங்கே தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் அது மணலை விட்டு நகராத தண்ணீர். மிச்ச இடத்தில் இருந்த எண்ணெய் தாராளமாக நகரும். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேனே தவிர, அந்தத் தண்ணீர் ஓடுமா, ஒட்டி நிற்குமா என்று நான் கேட்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களே, அதே தத்துவத்தில் வேலை செய்யும் கருவி ஒன்று வந்திருந்தது. எந்தத் தண்ணீர் ஒட்டியது, எது ஓடக்கூடியது என்று அது பிரித்துச் சொல்லும். இறக்கிப் பார்த்தோம். அப்புறம் அடுக்கைத் துளைத்துத் திறந்துவிட்டார்கள். எண்ணெய் வந்தது அருள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல் வந்தது.

கிண்டியில் ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு வைத்தார்கள். நான்தான் பேசினேன். மின்தடை குறைந்த எண்ணெய் அடுக்குகள் எதனால் உண்டாகின்றன, எப்படிக் கண்டுபிடிப்பது என்று முக்கால் மணி நேரம். துகளில் வரும் மினுமினுப்பை அலட்சியப்படுத்தாதீர்கள், சேற்றில் ஏறும் காஸைப் பாருங்கள், பக்கத்துத் தண்ணீர் அடுக்கோடு ஒப்பிடுங்கள், சின்ன வித்தியாசத்தையும் விடாதீர்கள், சந்தேகம் வந்தால் சாம்பிள் எடுங்கள் என்றெல்லாம் சொன்னேன். பாஸ்கர் போனில் எனக்குச் சொன்னதைத்தான் படம் போட்டுச் சொன்னேன். கடைசியில் ஒருவர் எழுந்து, "பழைய கிணத்துல இதை யாரும் கவனிக்கலையா மேடம்?" என்று கேட்டார். "அந்தக் காலத்துல இந்தக் கருவிகள் எல்லாம் இல்லை" என்றேன். கை தட்டினார்கள். பாஸ்கர் சென்னைக்குத் திரும்பி வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீ இடைவேளையில் கப்போடு என்னிடம் வந்தார். "நல்லாப் பேசினீங்க மேடம்" என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, "அந்தத் துகள்லயே பைரைட் இருந்துது. நான் அன்னிக்கே எழுதி அனுப்பியிருந்தேன். ஃபைல்ல இருக்கும்" என்றார். ஃபைலில் இல்லை. விசாரணைக்கு முந்தின நாள் அந்தத் தாளை நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். இதையும் நீ தெரிந்துகொள்.

அப்புறம் நான் ரிட்டையர் ஆனேன், அப்பா போனார், நீ வேலைக்குப் போனாய். ஆபீஸ் பஸ்ஸில் பழக்கமான பெண் என்று நிவேதாவை மந்தைவெளி வீட்டுக்குக் கூட்டிவந்தாய். தன் அப்பா பெயரைச் சொன்னாள். நான் அடுப்பை அணைப்பது போல உள்ளே போய்விட்டு வந்தேன். அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "எங்கப்பா அஸ்ஸாம்ல இருந்தார் ஆன்ட்டி. ஏழு வயசு வரைக்கும் அவர நான் அங்கிள்னுதான் கூப்பிட்டிருக்கேன். அம்மா தலைல அடிச்சுப்பாங்க." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன் அருள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

அதற்கப்புறம் பேச்சுவார்த்தை, நிச்சயம், கோயிலில் வைப்பதா மண்டபத்தில் வைப்பதா, எல்லாம் நடந்தது. பாஸ்கர் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று வரவேற்றார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் உனக்குச் சொல்லாமல் ஆட்டோ பிடித்து நங்கநல்லூரில் பாஸ்கர் வீட்டுக்குப் போனேன். அவர் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். போனில் நான் சரி என்றது, விசாரணையில் கேட்ட கேள்வி, அந்தத் தாள், கருத்தரங்கு, எல்லாவற்றையும். மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் மேடம்" என்றார். "தாள் போனது மட்டும் தெரியாது. யாரோ தொலைச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

"அன்னிக்கு நீங்க ஏன் விட்டீங்க? இன்னொரு தடவ அழுத்திச் சொல்லியிருக்கலாமே."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னிக்குச் சொல்லல. நாளைக்குச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். ரயில் ஏறினப்புறமும் நெனச்சேன். அங்க போய் மொத மழ வந்துச்சு, பத்து நாள் ரூமை விட்டு வெளிய வர முடியல. அப்பதான் அந்த நெனப்ப விட்டேன்."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "என்னோட வருஷத்த நான் எப்பவோ கணக்குலேர்ந்து தள்ளிட்டேன் மேடம். ஆனா அது எனக்கு மட்டும் போனதில்லையே. நான் என்ன மன்னிக்கறது?" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன், காபித் தட்டோடு லலிதா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் பாஸ்கர் இதில் என் பங்கை அவளிடம் சொன்னதேயில்லை. ஆபீஸில் ஏதோ குளறுபடி என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"பனகல் பார்க்கிட்ட நான் உங்களக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"பாக்கறேன்னீங்க."

"ஆமா."

"நான் வீட்டுக்குப் போய் இவருக்கு லெட்டர் போட்டேன். மேடம் பாக்கறேன்னு சொல்லிட்டாங்க, கவலப்படாதீங்கன்னு." அவள் குரல் உயரவில்லை. தட்டை வைக்காமல் அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "கல்யாணத்த நான் நிறுத்தப் போறதில்ல. எம்பொண்ணு ஆசப்பட்டுட்டா. ஆனா அவகிட்ட இத நானும் சொல்லமாட்டேன், இவரும் சொல்லமாட்டார். நீங்க சொல்லணும். கழுத்துல தாலி ஏறதுக்கு முன்னாடி சொல்லணும்" என்றாள். பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன்.

பழைய ஆபீஸுக்கும் இரண்டு பக்கம் எழுதி, சாம்பிள் எடுக்கச் சொன்னது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். படித்துவிட்டு, "இதை எந்த ஃபைல்ல சேர்க்கறதுன்னு தெரியல மேடம், ஆனா வாங்கிக்கறேன்" என்றாள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு முத்திரை வைத்துக் கொடுத்தாள். ஒரு நகலை பாஸ்கருக்கு அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

நேற்று நிவேதாவிடம் சொன்னேன். நேற்று சாயங்காலம் உன்னிடம் பேசியபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்திருக்கும், நீ கேட்டிருப்பாய், தலைவலி என்றிருப்பாள். அடையாறில் மாடியில் இருக்கும் ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னாள். உனக்கு முதலில் சொல்லாமல் அவளுக்கு ஏன் சொன்னேன் என்று கேட்பாய். பறிபோனது அவளுடைய வருஷங்கள், உன்னுடையவை இல்லை. உன்னிடம் முதலில் சொன்னால் நீ எனக்காக அவளிடம் போய் நிற்பாய், எனக்கு அது தெரியும்.

முழுக்கக் கேட்டாள்.  முடிந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா ஒரு தடவ லீவுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு ஆன்ட்டி, நாலு வயசு இருக்கும். அம்மா குளிச்சிட்டிருந்தாங்க. யாரோ ஆள்னு நான் கதவைத் தொறக்கல. 'நான் உன் அப்பாம்மா'ன்னு சொல்றார். எங்கப்பா அஸ்ஸாம்ல இருக்கார்னு உள்ளேர்ந்து கத்தறேன். அம்மா வர்ற வரைக்கும் பெட்டியோட வாசல்லயே நின்னுட்டிருந்தார்." காபிக் கப்பைத் தள்ளி வைத்தாள். பிறகு, "கல்யாணம் எங்க ரெண்டு பேரோடது. அது நடக்கும். உங்ககிட்ட நான் பழைய மாதிரி எப்ப பேசுவேன்னு எனக்குத் தெரியல. பேசாமயே இருந்தாலும் இருப்பேன். அருள்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காகப் பேசாதே. அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அழுதாங்க, மன்னிப்புக் கேட்டாங்க என்று எதையும் அவள் முன்னால் கொண்டுபோய் வைக்காதே. கல்யாணத்துக்கப்புறம் அவள் மந்தைவெளிக்கு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் வரவில்லை என்று கேட்காதே, நீ மட்டும் வந்து போ. அவளுக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் அவளுடையது. என்மேல் உனக்கு வரும் கோபத்தையும் அவசரப்பட்டு விழுங்கிவிடாதே. உன் அப்பா விழுங்கினார். அது அவருக்கும் நல்லதாக இல்லை, எனக்கும் நல்லதாக இல்லை.

கடையை விட்டு எழுந்தபோது எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பார்த்தாள், கை கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாக, நான் இறங்கும் வேகத்துக்கே இறங்கினாள். கீழே போனில் ஆட்டோ போட்டு, அது வரும்வரை என்னோடு நின்றாள். நான் ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்க்காமல் டிரைவர் பக்கம் குனிந்து, "மெதுவாப் போங்கண்ணா. அவங்களுக்கு முட்டி வலி, பள்ளத்துல தூக்கிப் போடாதீங்க" என்றாள்.

அம்மா